ஒரே மேசையில் டீ குடித்தால் தப்பா?

சத்திரம் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். ஸ்ரீரங்கம் போகிறவர், மார்க்கெட்டுக்குப் போகிறவர், கல்லூரிக்கு வந்தவர் எல்லோரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள். ஒருவர் கரைவேட்டி ஒரு கட்சி, பக்கத்தில் இருப்பவர் நேர் எதிர்க்கட்சி. பேச்சு சூடாகும், குரல் உயரும். பஸ் வந்ததும் "வர்றேண்ணே" என்று சொல்லிவிட்டு ஏறிவிடுவார்கள்.

இதையே இரண்டு கட்சித் தலைவர்கள் செய்தால் மட்டும் நமக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. "உள்ளுக்குள்ள ஏதோ டீல்" என்கிறோம்.

சத்திரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இருக்கிற புத்தூருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. 1949-ல் பெரியாரை விட்டுப் பிரிந்து தி.மு.க.வைத் தொடங்கினார் அண்ணா. அதன்பின் 18 ஆண்டுகள் இரு தரப்பும் மேடைக்கு மேடை மோதின. 1967 தேர்தலில் பெரியார் காங்கிரஸை ஆதரித்தார். ஜெயித்ததோ தி.மு.க. மார்ச் 6-ம் தேதி பதவியேற்பதற்கு முன்பே அண்ணா திருச்சிக்கு வந்து, புத்தூர் பெரியார் மாளிகையில் தன்னை எதிர்த்துப் பிரசாரம் செய்தவரைச் சந்தித்தார். கருணாநிதி, நெடுஞ்செழியன், அன்பில் தர்மலிங்கம் ஆகியோரும் உடன் வந்தார்கள்.

ஒளித்து மறைத்து நடந்த சந்திப்பு இல்லை அது. ஊருக்கே தெரியும். தேர்தல் பகை அத்தோடு முடிந்தது. அதே ஆண்டில், சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட அங்கீகாரம் தரும் மசோதாவைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது அண்ணாவின் அரசு.

பெரியாரும் ராஜாஜியும் இன்னொரு உதாரணம். கடவுளில் தொடங்கி கல்வித் திட்டம் வரை இருவருக்கும் ஒத்துப்போனது குறைவு. ஆனாலும் 1972 டிசம்பரில் ராஜாஜி மறைந்தபோது, 93 வயதுப் பெரியார் சக்கர நாற்காலியில் மயானத்துக்கு வந்து கண்ணீர் விட்டார். அதனால் அவர் கொள்கையில் ஒரு நூல்கூடக் குறைந்துவிடவில்லை.

அந்தப் பழக்கம் பிறகு தேய்ந்துபோனது. எதிர்க்கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகவே யோசிக்கிற காலம் வந்தது. நடுநடுவே சில நல்ல காட்சிகளும் உண்டு. 2016-ல் ஜெயலலிதா முதல்வராகப் பதவியேற்ற விழாவுக்கு மு.க.ஸ்டாலின் போனார். 2021-ல் ஸ்டாலின் பதவியேற்றபோது, ஆளுநர் மாளிகைத் தேநீர் விருந்தில் ஓ.பன்னீர்செல்வம் அவருடன் ஒரே மேசையில் அமர்ந்தார். அதே மாதம் கொரோனா ஆலோசனைக் குழுவில் அ.தி.மு.க.வின் முன்னாள் சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கருக்கும் இடம் கிடைத்தது. ஒரு கப் டீயோடு நிற்காமல் வேலையிலும் சேர்ந்தால்தான் நல்லுறவுக்கு அர்த்தம்.

சந்தேகமே கூடாது என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசினால் கேள்வி கேட்கத்தான் வேண்டும். எல்லோரும் பார்க்க ஒன்றாக உட்கார்ந்து, மறுநாள் சட்டமன்றத்தில் அதே காரத்தோடு வாதாடினால், அது டீல் இல்லை, பண்பாடு.

இந்தப் பண்பாட்டுக்கு நம் வார்டே போதும். ஒரு பொங்கலுக்கு எல்லாக் கட்சி வட்டச் செயலாளர்களும் கொடி இல்லாமல் ஒரே பானையைச் சுற்றி நிற்கலாம். ரம்ஜான் நோன்புக் கஞ்சியைக் கட்சிக்கு ஒரு பந்தல் போடாமல் ஒரே பந்தலில் குடிக்கலாம். நம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் அரசியல் பதிவைப் பார்த்துக் கோபித்துக்கொண்டு வெளியேறிய சித்தப்பாவுக்கு இன்றைக்கே ஒரு போன் போடலாம்.

காரணம் ஒன்றுதான். தேர்தல் நேரத்தில் வாக்குச்சாவடி வாசலில் சட்டையைப் பிடித்துக்கொள்வது தலைவர்கள் இல்லை, ஒரே தெருவில் குடியிருக்கும் தொண்டர்கள். மேலே கூட்டணி மாறி, தலைவர்கள் கை குலுக்கிக்கொண்ட பிறகும், வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்கு அலைவது அவர்கள்தான்.