பின்னால் போக இடமில்லையா?

வைட் ஆங்கிள் லென்ஸ் வாங்க ஆசைப்படுகிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எல்லாம் ஃபிரேமுக்குள் வந்துவிடும். வரத்தான் செய்யும். எல்லாம் உள்ளே வந்தபின் எல்லாமே சின்னதாகிவிடும் என்பது வாங்கியபிறகுதான் தெரியும்.

கடலூர் பக்கம் விசேஷ வீடுகளுக்குப் படம் எடுக்கப் போகும் தம்பி ஒருவன் கேட்டான்: “அண்ணே, கேனான் பத்து–பதினெட்டு செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வருது. எடுத்துடட்டா?” நல்ல கேள்வி. 2014இல் அந்த லென்ஸ் வரும்வரை, கிராப் சென்சார் கேமராவுக்குக் கேனானிலேயே இந்த அகலம் வேண்டுமென்றால் 10–22தான் கதி. புதியது வந்தபோது அமெரிக்காவில் அதன் விலை 299 டாலர். 10–22க்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. விலையை எங்கே குறைத்தார்கள் என்று கையில் எடுத்தாலே தெரியும். 240 கிராம்தான் எடை. மவுண்ட் பிளாஸ்டிக். ஹூட் தனியாக வாங்க வேண்டும். அப்பர்ச்சர் 4.5இல்தான் தொடங்கும். கண்ணாடியில் கை வைக்கவில்லை. படத்தின் நடுப்பகுதி நல்ல கூர்மை.

தம்பியின் பிழைப்புக்கு இது உதவுமா? வளைகாப்பு நடப்பது பெரும்பாலும் பத்துக்குப் பத்து கூடத்தில். எதிர்ச்சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றால் மனையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் கேமராவுக்கும் எட்டடி இருக்கும். அந்த எட்டடியில் கிட் லென்ஸின் 18 மில்லிமீட்டர் சுமார் பத்தடி அகலத்தைப் பிடிக்கும். 10 மில்லிமீட்டர் பதினெட்டடியைப் பிடிக்கும். வளையல் தட்டு, சுற்றி நிற்கும் பெண்கள், வாசல்படியில் எட்டிப் பார்க்கும் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிடுவார்கள். ஆனால் ஓரத்தில் நிற்கும் சித்தியின் முகம் பூசணிக்காய் மாதிரி இழுபட்டிருக்கும். உறவுக்காரர்களை ஓரத்தில் நிறுத்தாதே, ஓரத்தில் சுவரும் கதவும் இருக்கட்டும் என்றேன். கேமராவோடு வரும் குட்டி ஃபிளாஷையும் நம்ப முடியாது. அதன் வெளிச்சம் 10 மில்லிமீட்டரின் அகலத்துக்கு எட்டாது, மூலைகள் இருண்டுபோகும். லென்ஸில் கை நடுக்கத்தை அடக்கும் வசதி இருக்கிறது. அது நம் கையைத்தான் அடக்கும், ஓடும் குழந்தையை அடக்காது.

இனி சிதம்பரம். கோபுரத்தை முழுசாக எடுக்க வைட் லென்ஸ் வேண்டும் என்று நினைப்பவர்கள் அதிகம். நாலு கோபுரமும் ஏழு நிலை, நாற்பது மீட்டர் அளவு உயரம். கேமராவை மேல்நோக்கிச் சாய்க்காமல், செங்குத்தாகப் பிடித்து, உச்சிக் கலசம்வரை எடுக்க 18 மில்லிமீட்டருக்கு அறுபது மீட்டருக்கு மேல் பின்னால் போக வேண்டும். 10 மில்லிமீட்டருக்கு முப்பத்தைந்து மீட்டர் போதும். கீழ சன்னதித் தெருவில் பின்னால் நடக்க இடம் இருக்கும்போது, நடப்பதற்குப் பதில் லென்ஸ் வாங்குவது வீண் செலவு. பக்கத்தில் நின்று அண்ணாந்து எடுத்தால் கோபுரம் பின்பக்கம் சாய்ந்த மாதிரி விழும். அது லென்ஸின் குற்றமில்லை, கேமராவைச் சாய்த்ததன் பலன். அகலம் கூடக்கூடச் சாய்வும் கூடுதலாகத் தெரியும், அவ்வளவுதான்.

தேரோட்டம் வேறு கதை. ஆனியிலும் மார்கழியிலும் ஐந்து தேர்கள் நாலு ரத வீதிகளையும் சுற்றி வரும்போது பின்னால் ஓர் அடி நகர முடியாது. இந்த லென்ஸ் தன் காசுக்கு உழைக்கும் இடம் அதுதான். தேரை மட்டும் பார்த்து எடுத்தால் தூரத்தில் ஒரு பொம்மைத் தேர்தான் கிடைக்கும். குனிந்து, வடத்தைக் காலடியிலிருந்து தொடங்கவிடுங்கள். முறுக்கேறிய வடம் படத்தின் கீழ் மூலையில் தொடை பருமனுக்குத் தெரியும். அதைப் பற்றிய கைகள், அடுத்த கைகள், பிறகு தலைகள், கடைசியில் நடராசர் தேர் என்று கண் தானாகவே ஏறிப் போகும். முன்னால் நிறுத்த ஒரு பொருள் இல்லையென்றால் வைட் லென்ஸில் படமே இல்லை.

இதைக் கற்றுக்கொள்ளக் காசு வேண்டியதில்லை. கையிலிருக்கும் போனில் 0.5 என்ற பொத்தான் இருந்தால், பல போன்களில் அது இந்த லென்ஸைவிடவும் அகலம். ஒரு மாதம் அதில் மட்டும் எடுத்துப் பாருங்கள். சலித்துவிட்டால் காசு மிச்சம். சலிக்கவில்லையென்றால் தாராளமாக வாங்கலாம். நிக்கான்காரர்கள் மட்டும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2017இல் வந்த அவர்களுடைய 10–20உம் இதே ரகம்தான், ஆனால் டி3100, டி90, டி7000 போன்ற பழைய பாடிகளில் வேலை செய்யாது. காசு கொடுக்குமுன் உங்கள் பாடியில் மாட்டிப் பாருங்கள்.

இவ்வளவு சொல்லியும், குடிகாட்டுக்குப் போனால் வைட் லென்ஸைப் பைக்குள்ளேயே வைத்திரு என்று தம்பியிடம் சொன்னேன். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளின் ஓரத்து ஊர் அது. 2004இல் இந்தப் பகுதி ஊர்க்காரர்களே வாளியில் காற்றைப் பிடித்துச் சோதனைக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இன்றைக்கும் ஒரு வீட்டையும் பின்னாலிருக்கும் புகைபோக்கியையும் சேர்த்துப் படமெடுத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்து மனுவோடு இணைக்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றலாம். வீட்டு வாசலில் நின்று 10 மில்லிமீட்டரில் எடுத்தால், கிட் லென்ஸின் 18இல் தெரிவதில் பாதிக்குச் சற்று மேல்தான் புகைபோக்கி இருக்கும். வீடு முழுப் படத்தையும் அடைத்துக்கொள்ளும், ஆலை எங்கோ அடிவானத்தில் நிற்கும். மனுவைப் பார்க்கும் அதிகாரி, தள்ளித்தானே இருக்கிறது என்பார். நன்றாகப் பின்னால் போய் 55இலோ 250இலோ எடுத்தால் வீட்டுக் கூரைமேலேயே புகைபோக்கி முளைத்திருக்கும். அப்போது ஆலைக்காரர், மிகைப்படுத்துகிறார்கள் என்பார்.

இரண்டு படமும் பொய்யில்லை. நின்ற இடம்தான் வேறு. ஆகவே எந்த லென்ஸில் எடுத்தாலும், வீட்டிலிருந்து ஆலைச் சுவர் எத்தனை மீட்டர் என்று டேப் பிடித்து அளந்து, படத்தின் கீழே எழுதிவிடுங்கள். விலை குறைந்ததோ கூடியதோ, எந்தக் கண்ணாடியாலும் அந்த எண்ணைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.