குர்சுராவுக்குள்ளே ஓடாதீங்க

ஊர்லேருந்து யார் வந்தாலும், விசாகப்பட்டினம் பீச்ல கரையேத்தி நிக்க வெச்சிருக்கிற ஐ.என்.எஸ். குர்சுரா நீர்மூழ்கிக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். 1969-ல சோவியத்துல வெச்சு நம்ம கடற்படையில சேர்ந்தது. 2001-ல ஓய்வு, அடுத்த வருஷமே மியூசியம். 91 மீட்டர் நீளத்தை நம்ம மக்கள் பத்தே நிமிஷத்துல கடந்து, வெளியே வந்து ஐஸ்கிரீம் தேடறாங்க. (முதல் தடவை நானும் அப்படித்தான்!)

போன மாசம் என் மாமனார் டார்பீடோ பக்கத்துப் படுக்கைகிட்டே அசையாம நின்னுட்டார். பின்னாடி வரிசை முணுமுணுக்குது.

"இதுல புரண்டு படுக்க முடியுமா? குளியல் எங்கே?"

சுத்திக் காட்டினவர் கடற்படையில இருந்து ஓய்வு பெற்றவர். சிரிச்சார். "கடலுக்குள்ள போயிட்டா குளியலை மறந்துடணும் சார். நல்ல தண்ணி குடிக்கத்தான்."

குழந்தைங்களோட போறவங்க, கூட்டமில்லாத நேரமாப் போங்க. அந்தப் படுக்கைகிட்டே நில்லுங்க. போட்டோவை அப்புறம் எடுத்துக்கலாம்.