எல்லாத்தையும் எவர்சில்வர் ஆக்கணுமா?

பழைய மீன்பிடி ரீல் வச்சிருக்கிறவங்களை ரெண்டு கட்சியாப் பிரிச்சிடலாம். முதல் கட்சி அதைத் துடைச்சு கண்ணாடி அலமாரியில வச்சு, "ஒரிஜினல் பீஸ், தொடாதே" என்பாங்க. ரெண்டாவது கட்சி உள்ளே இருக்கிற எல்லாத்தையும் கழட்டிப் போட்டுட்டு, துருவே பிடிக்காதுன்னு விக்கிற எவர்சில்வர், அலுமினியம், கார்பன் சாமானா மாட்டுவாங்க. நான் ரெண்டு கட்சியிலும் இல்லை. ரீல்னா கடலுக்குப் போகணும். அதுக்காக மாத்த வேண்டியது மூணு நாலு சாமான்தான். மீதியில கை வைக்கிறது காசுக்கும் கேடு, ரீலுக்கும் கேடு. பி.காம் படிக்கிறவனுக்கு இதுல என்ன வேலைன்னு சிரிக்காதீங்க மக்களே, கணக்குப் பாடமும் நடுவுல வருது :-)

நான் பேசப்போறது பென் செனட்டர் ரீல் பத்தி. ஓட்டோ ஹென்சே என்கிற ஜெர்மன்காரர் அமெரிக்காவுக்குக் குடியேறி, 1932-ல ஃபிலடெல்ஃபியாவுல ஆரம்பிச்ச கம்பெனி பென். செனட்டர் வரிசை 1936-ல வந்தது. பார்க்க ஒரு சின்ன ராட்டை மாதிரி இருக்கும். ரெண்டு பக்கமும் வட்டமான பிளாஸ்டிக் தட்டு, அதைச் சுத்தி குரோம் பூசின வளையம், ரெண்டு தட்டையும் இணைக்கிற கம்பிகள், நடுவுல தங்கூசி சுத்துற ஸ்பூல். வலது தட்டுக்குள்ள கியர். பெரிய மீன் இழுத்தா நூல் அறுந்து போகாம, கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் குடுக்கிறதுக்கு டிராக்னு ஒரு பிரேக். அவ்வளவுதான். திருப்புளி பிடிக்கத் தெரிஞ்ச யாரும் முழுசாக் கழட்டி மாட்டலாம்.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது உலோகம் இல்லை, நம்பர். பென் கம்பெனி ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு நம்பர் வச்சிருக்கு. 5-னா பெரிய கியர், 13-னா சின்ன கியர், 29-னா ஸ்பூல். அந்த நம்பருக்குப் பின்னாடி மாடல் நம்பர். 5-113னு கேட்டா 113 மாடலோட பெரிய கியர். இப்படி ஒரு ஸ்க்ரூ வரைக்கும் தனியா வாங்க முடியும்னு ஆனதாலதான் வெளி ஆளுங்களும் இந்த ரீலுக்குச் சாமான் செய்ய வந்தாங்க. 1970-களில் கலிஃபோர்னியாவுல கார்ல் நியூவெல் என்பவர் பென் ரீல்களுக்கு எடை குறைஞ்ச ஸ்பூலும் கம்பிகளும் செஞ்சு வித்து, அப்புறம் தன் பேர்லயே முழு ரீல் போட்டார். டிபுரான்னு ஒரு கம்பெனி அலுமினியக் கட்டியைக் கடைஞ்சு ஒரே துண்டா ஃப்ரேம் செஞ்சது. ஒரு கம்பெனியோட உதிரி பாகப் பட்டியலே மத்தவங்களுக்குத் தொழில் ஆன கதை இது. நம்ம மார்க்கெட்டிங் பேப்பர்ல ஏன் இதெல்லாம் வர்றதில்லைன்னு தெரியலை.

இப்போ எனக்கு இதுல என்ன வேலைங்கிறதுக்கு வர்றேன். எங்க மாமா தூத்துக்குடிக்காரர், சரக்குக் கப்பல்ல வேலை பார்த்தவர். 1988-ல அமெரிக்கத் துறைமுகம் ஒண்ணுல மெரூன் கலர் தட்டு போட்ட செனட்டர் 113எச் வாங்கினார். கப்பல் நங்கூரம் போட்டு நிக்கிற நாட்கள்ல நாலஞ்சு தடவை போட்டிருக்கார். மீதியை ஓய்வுக்குப் பிறகுன்னு எடுத்து வச்சுட்டார். ஓய்வும் வந்தது, பெட்டியும் திறந்தது, உள்ளே பித்தளையில பச்சைக் களிம்பு. "மருமவனே, எல்லாத்தையும் எவர்சில்வர்ல போட்டுருவோம்ல, உம்பிள்ள காலத்துக்கும் கெடக்கும்" என்கிறார் மாமா. மச்சான் ஒரு பக்கம், "தொடாதீங்கப்பா, வெளிநாட்டுக்காரன் அள்ளிக் குடுப்பான்" என்கிறான்.

மச்சானுக்கு முதல்ல பதில். அலமாரி எந்த ரீலையும் காப்பாத்தாது. கடல் உப்புல மெக்னீசியம் குளோரைடு இருக்கு. அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஜாடியில வச்ச கல்லுப்பு மழைக்காலத்துல கசியுதே, அதே சமாச்சாரம். ரீலுக்குள்ள காஞ்சு கிடக்கிற உப்பு, பெட்டிக்குள்ள இருந்தாலும் வருஷம் பூரா ஈரத்தை இழுத்துக்கிட்டே இருக்கும். அதோட செனட்டர் அபூர்வப் பொருளும் இல்லை. ஏராளமா செஞ்சு வித்தது. சேகரிக்கிறவங்க காசு குடுக்கிறது பெட்டி, ஸ்பேனர் எல்லாம் சேர்ந்து கை படாம இருக்கிறதுக்கு. களிம்பு பிடிச்சதுக்கு இல்லை.

இப்போ மாமாவோட எவர்சில்வர். அது துருப் பிடிக்காதுங்கிறது நம்ம சமையலறை நம்பிக்கை. இரும்போட குறைஞ்சது 10.5 சதவீதம் குரோமியம் சேர்த்தா மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் உண்டாகும். கீறல் விழுந்தா தானே வளர்ந்து மூடிக்கும். ஆனா வளர ஆக்சிஜன் வேணும். ஸ்க்ரூ மரைக்குள்ளேயும் வாஷருக்கு அடியிலேயும் தேங்கி நிக்கிற உப்புத் தண்ணியில ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்து போகும். உப்புல இருக்கிற குளோரைடு படலத்துல ஓட்டை போடும். கடலோர வீட்டு எவர்சில்வர் கைப்பிடியில டீக்கறை மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும், பார்த்திருப்பீங்க. அதனாலதான் கடல் வேலைக்கு 304-ஐ விட்டுட்டு, 2-3 சதவீதம் மாலிப்டினம் கலந்த 316 கேட்கிறாங்க. பேரிங்ல வர்ற 440சி இன்னும் மோசம். அதுவும் எவர்சில்வர்தான், ஆனா கடினமா இருக்கணும்னு கார்பனை ஏத்தினதால 304 அளவுக்குக்கூட உப்பைத் தாங்காது.

இதைவிடப் பெரிய வில்லங்கம் ஒண்ணு இருக்கு. எலுமிச்சம்பழத்துல செம்புக் கம்பியும் துத்தநாக ஆணியும் குத்தி பேட்டரி செஞ்சோமே, ஞாபகம் இருக்கா? ரெண்டு வேற உலோகம், நடுவுல உப்புத் தண்ணி, ரெண்டும் தொட்டுக்கிட்டு இருந்தா பேட்டரி ரெடி. அதுல பலவீனமான உலோகம் கரையும். இரும்புக் கப்பலோட அடிப்பாகத்துல வேணும்னே துத்தநாகக் கட்டி மாட்டுறது இதுக்குத்தான்; கட்டி கரையும், கப்பல் பிழைக்கும். அலுமினிய ஃப்ரேம்ல எவர்சில்வர் ஸ்க்ரூ போட்டா கதை தலைகீழ். ஸ்க்ரூ பளபளன்னு இருக்கும், அதைச் சுத்தி அலுமினியம் வெள்ளை மாவா உதிரும். ஆனோடைஸ் பண்ணின ஃப்ரேம்தானேன்னு கேட்டா, அந்தப் பூச்சு ஸ்க்ரூ முறுக்குற மரையிலதான் முதல்ல உடையும். கார்பன் அலுமினியத்தைத் தொட்டா இன்னும் வேகம். மாமா கப்பல்ல இத்தனை வருஷம் துத்தநாகக் கட்டியைப் பார்த்தவர், இதைச் சொன்னதும் ஒரு நிமிஷம் பேசலை.

அப்போ எதைத்தான் மாத்துறது? முதல்ல கியர் ஸ்லீவ். கைப்பிடி உக்கார்ற தண்டு இது. பழைய ரீல்கள் பலதுல பித்தளை. தேஞ்சு மூலை மழுங்கினா கைப்பிடி ஆடும். இதோட அடியில இருக்கிற பல்லுல 'டாக்'னு ஒரு சின்னத் துண்டு கொக்கி மாதிரி விழுந்து, கைப்பிடி பின்னாடி சுத்தாம தடுக்குது. டிராக் இறுக்கமா இருக்கும்போது இது நழுவினா, நூலை இழுக்கிற மீனோட முழு வேகமும் கைப்பிடிக்கு வந்துடும். விரல் எலும்பு போயிடும். இங்கே எவர்சில்வர் போடுறது உப்புக்காக மட்டும் இல்லை, பலத்துக்காகவும். மாமா வள்ளத்துல உக்காந்து பாறை மீன் பிடிக்கப் போறார். அறுபது வயசுக்கு மேல விரலை உடைச்சுக்கிட்டா அத்தை அவரை மட்டும் இல்லை, என்னையும் சும்மா விடமாட்டாங்க.

அடுத்தது டிராக் வாஷர். பழைய தோல், ஃபைபர் வாஷர்கள் ஈரத்தைக் குடிச்சு வச்சுக்கும், ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்ட பிரேக் முதல் இழுப்புல விடாது, நூல்தான் அறும். பென் கம்பெனியோட எச்டி-100 கார்பன் வாஷர் கிரீஸோட போட்டா வழவழன்னு விடும். பித்தளை கியருக்குள்ள கிரீஸுக்கு நடுவுல இருக்கிறதால இங்கே பேட்டரி பயமும் பெருசா இல்லை. அப்புறம் பூச்சு போன பழைய ஸ்க்ரூ எல்லாத்துக்கும் புது ஸ்க்ரூ. அவ்வளவுதான்.

அலுமினிய ஃப்ரேம் மாமாவுக்குத் தேவையில்லை. பின்னல் நூல் போட்டு, டிராக்கை முறுக்கி, சூரை மாதிரி பெரிய மீனோட மல்லுக்கட்டுற சான் டியாகோ படகுக்காரங்களுக்கு அது நியாயம். ஸ்க்ரூவுல நிக்கிற பழைய கூடு அந்த இழுப்புல முறுக்கிக்கும், கியர் பல் சரியா கடிக்காது. நமக்கு அந்த விலையில இன்னொரு பழைய செனட்டரே கிடைக்கும்.

இங்கேதான் நம்ம பாடம். பதினொண்ணாம் வகுப்புல முதலினச் செலவு, வருவாயினச் செலவுன்னு மனப்பாடம் பண்ணினோம். தேஞ்சதை மாத்தி பழைய நிலைமைக்குக் கொண்டு வந்தா வருவாயினம். திறனையோ ஆயுளையோ கூட்டினா முதலினம். வாஷரும் ஸ்க்ரூவும் முதல் வகை, ஸ்லீவ் ரெண்டாவது. ஃப்ரேம் மாத்துறதும் புத்தகப்படி ரெண்டாவது வகைதான். ஆனா பிடிக்கப் போற மீனுக்கு அந்தக் கூடுதல் திறன் வேண்டாம்னா, அந்தக் காசு சொத்துக் கணக்குல ஏறினாலும் வீண்தான். கழட்டின பழைய சாமானை எல்லாம் நம்பர் எழுதி ஒரு டப்பாவுல போட்டு வச்சா, நாளைக்கு மச்சான் விக்கணும்னாலும் அரை மணி நேரத்துல ஒரிஜினல் ஆக்கிடலாம். பக்கத் தட்டையும் வளையத்தையும் மட்டும் தொடவே கூடாது. பித்தளைப் பாத்திரம் மாதிரி புளி போட்டுத் தேய்க்கிற யோசனை அத்தைகிட்டேருந்து வந்தது. குரோம் பூச்சு ஏற்கனவே செதில் செதிலா இருக்கிற இடத்துல அது மீதியையும் கொண்டு போயிடும்.

எந்தப் புது சாமானைவிடவும் நல்ல பாதுகாப்புக்கு விலையே இல்லை. கரைக்கு வந்ததும் டிராக்கை இறுக்கிட்டு நல்ல தண்ணியை மெதுவா ஊத்திக் கழுவணும். குழாயில பீச்சி அடிச்சா உப்பு உள்ளே போயிடும். காய வச்ச பிறகு டிராக்கைத் தளர்த்தி வைக்கணும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது திறந்து பழைய கிரீஸை எடுத்துட்டு புதுசு பூசணும், ஸ்க்ரூ மரையிலும் சேர்த்து. இதைச் செய்றவங்களுக்குப் பித்தளையே போதும். செய்யாதவங்களுக்கு 316-உம் போதாது.

ஸ்பூல் விஷயத்துல மட்டும் மாமாவும் நானும் இன்னும் ஒத்துப் போகலை. அவருக்கு அலுமினிய ஸ்பூல் வேணும், லேசா இருக்குமாம். வீசி எறியிறவனுக்குத்தான் லேசான ஸ்பூல், வள்ளத்துலேருந்து நேரா கீழே இறக்குறவருக்கு எதுக்குங்கிறது என் வாதம். ஈர நூலுக்கு அடியில அலுமினியமும் எஃகுத் தண்டும் சேர்ந்து குடும்பம் நடத்த வேற வேணும். இந்த வாரம் மறுபடியும் பேசிப் பார்க்கணும்.