எண்ணெயின் சூடும் காற்றின் வழியும்

அமெரிக்காவில் தம் வீட்டுக் கொட்டகையிலேயே ஆகாய விமானம் கட்டிப் பறக்கிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்றால், நம் வாசகர்களில் சிலர் புருவத்தை உயர்த்தலாம். ஆயினும் உண்மை அதுதான். வேலையில் பெரும்பகுதியைத் தாமே செய்தார்கள் என்று காட்டினால், அந்நாட்டுச் சர்க்கார் பரிசோதித்துப் பறக்க அனுமதி வழங்குகிறது. இவர்களுக்கென்று 1953-ல் தோன்றிய சங்கம், விஸ்கான்ஸின் மாகாணத்து ஆஷ்காஷ் நகரில் கோடைதோறும் பெரிய திருவிழாவே நடத்துகிறது.

இவர்களில் ஒரு சிறு கூட்டத்தார், மோட்டார் வண்டிக்கென்று ஜப்பானில் செய்த மாஜ்தா சுழல் யந்திரத்தை விமானத்தில் பூட்டுகிறார்கள். முதல் உலக யுத்தத்தில் உருளைகளே சேர்ந்து சுற்றிய பழைய யந்திரம் வேறு. இது ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெல் கண்ட வேறு ஜாதி. இதில் மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டன் கிடையாது. முக்கோண வடிவான சுழலி ஒன்று கூட்டுக்குள் உருண்டு சுழல்கிறது. கூட்டைத் தண்ணீர் குளிர்விக்கிறது. சுழலியின் வயிற்றுக்குள்ளோ தண்ணீர் புக வழியில்லை. எண்ணெயைப் பீச்சித்தான் அதன் சூட்டைத் தணித்தாக வேண்டும். ஆகவே, குளிர்விக்க வேண்டிய உஷ்ணத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு எண்ணெயின் தலையில் விழுகிறது. அது தாங்காமல் மிதமிஞ்சிக் கொதித்தால், சுழலியின் பக்கங்களிலுள்ள ரப்பர் வளையங்கள் இறுகிக் கெட்டுவிடும். எண்ணெய் எரியறைக்குள் கசியும், அழுத்தமும் குறையும். விமானத்தில் இருப்பதோ ஒரே யந்திரம்.

இந்தத் தொல்லை தலைகாட்டுவதும் மிகக் கெட்ட வேளையில்தான். ஓடுபாதையை விட்டு மேலே ஏறுகையில் யந்திரம் முழுப் பலத்துடன் உழைக்கிறது. விமானத்தின் வேகமோ குறைவு. மணிக்கு 120 மைல் வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் ஒரு குழாயில் தண்ணீரை ஏறக்குறைய 7 அங்குலம் உயர்த்தும். 80 மைல் வேகத்தில் அது 3 அங்குலந்தான். சூடு அதிகம், விசிறிவிடும் காற்று பாதிக்கும் குறைவு என்று ஆகிவிடுகிறது.

முள் சிவப்புக் கோட்டை நெருங்கியதும், கட்டியவர் நேரே கடைக்குப் போய் இன்னும் பெரிய குளிர்விப்பானை வாங்கி வருகிறார். இது பணத்துக்குக் கேடு என்பது நம் அபிப்பிராயம். அதற்கு முன் செலவில்லாமல் பார்க்கக்கூடியவை சில உண்டு. முதலில் உஷ்ணமானியின் முனையைக் கழற்றிக் கொதிநீரில் வைக்க வேண்டும். கடல்மட்டத்தை ஒட்டிய ஊரானால் அது 212 டிகிரி பாரன்ஹீட் காட்ட வேண்டும். 230 காட்டினால் பிழை எண்ணெயில் அல்ல, மானியில்.

மானி நேர்மையானதென்று கண்ட பிறகு, குளிர்விப்பானின் பின்புறம் வெளிவரும் காற்றில் இன்னொரு மானியை வைத்துப் பறந்து பார்க்கலாம். இந்தச் சோதனை மிக அருமையானது. வெளிவரும் காற்று ஏறக்குறைய எண்ணெயளவு சூடாயிருந்தால், அந்தக் காற்று தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. வருகிற காற்றுத்தான் போதவில்லை. எண்ணெய் கொதித்துக்கொண்டிருக்கக் காற்று மட்டும் வெதுவெதுப்பாக வெளியேறினால், எண்ணெய் அந்தப் பக்கமே சரியாக வரவில்லை என்று பொருள். ஆர்.எக்ஸ்.-7 மோட்டார் வண்டியிலிருந்து எடுக்கும் குளிர்விப்பானில், எண்ணெய் குளிர்ந்திருக்கும்போது அதைக் குறுக்கு வழியில் திருப்பிவிடும் வால்வு ஒன்று இருக்கிறது. அது அழுக்கேறித் திறந்தபடியே சிக்கிக்கொண்டால், எவ்வளவு காற்று வீசி என்ன பயன்?

பெரும்பாலும் குற்றவாளி காற்றின் வழிதான். நெருக்கமான தகடுகளினூடே நுழைவதைவிட, ஓரத்து இடுக்கில் நழுவிப் போவதையே காற்று விரும்பும். விரலளவு இடுக்கையும் ரப்பர்ப் பட்டையால் அடைத்தாக வேண்டும். வெளியேறும் வாயை அநேகர் மறந்தேவிடுகிறார்கள். புகைபோக்கி அடைத்த சமையலறையில் வாசற்கதவை அகலத் திறந்து வைத்து என்ன லாபம்? யந்திரக் கூண்டுக்குள் காற்றுத் தேங்கினால் குளிர்விப்பானுக்கு முன்னும் பின்னும் ஒரே அழுத்தம் ஆகிவிடும், காற்று அசையாது. இதைக் கண்டுபிடிக்க, இருபுறத்திலிருந்தும் மெல்லிய குழாய்களைக் கொண்டுவந்து, வர்ணம் கலந்த நீருள்ள வளைகுழாயின் இரு முனைகளில் சேர்த்தால் போதும். இரு கைகளிலும் நீர் ஒரே மட்டத்தில் நின்றால், வெளிவாயைப் பெரிதாக்க வேண்டும். அல்லது அதன் விளிம்பில் ஒரு தகட்டைக் கீழ்நோக்கிச் சாய்த்து, கடந்து செல்லும் காற்று உள்ளிருப்பதை இழுத்துக்கொள்ளும்படி செய்ய வேண்டும்.

அந்தத் தகட்டைத் திறந்து மூடும் கதவாக அமைத்துக்கொண்டவர்கள் கெட்டிக்காரர்கள். திறந்தே கிடந்தால் அது விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும். ஏற்றம் முடிந்ததும் மூடிவிடலாம். விஸ்கான்ஸின் பனிக்காலத்திலோ கதை தலைகீழாகிவிடுகிறது. எண்ணெய் 180 டிகிரியாவது சூடேறாவிட்டால் அதில் சேரும் ஈரம் ஆவியாகாது. ஆகவே கோடையில் அவ்வளவு பாடுபட்டுத் திறந்த வாயில் பாதியைத் தகடு வைத்து மறைத்துக்கொண்டு பறக்கிறார்கள்.