நாய்க்கு ஓய்வு இருக்கிறது, நம் பிள்ளைக்கு?

 

வழிகாட்டி நாய் பற்றிய வீடியோ ஒன்று இந்த நாட்களில் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. வெளிநாட்டில் கண் தெரியாத ஒருவர் வீட்டுக்கு வந்ததும் நாயின் பட்டியைக் கழற்றுகிறார். அது தரையில் உருண்டு புரண்டு, பந்தைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. கீழே இரண்டு விதமான கருத்துகள். ஒன்று, "நாயை வீட்டுக்குள் வைத்திருக்கிறானே, நஜீஸ்." மற்றது, "பாவம் வாயில்லா ஜீவன், நாள் முழுக்க வேலை வாங்குகிறார்கள்." இரண்டு தரப்புக்கும் ஆசிரியர்களாகிய நாங்கள் சொல்ல வேண்டியது இருக்கிறது.

முதலில் "பாவம்" என்று எழுதியவர்களுக்கு. வழிகாட்டி நாய்க்கு வேலை நேரம் என்பது கைபிடி வைத்த பட்டி அதன் உடம்பில் பூட்டியிருக்கும் நேரம் மட்டும்தான். அப்போது தெருவில் போகிறவர்கள் அதைத் தடவக்கூடாது, கூப்பிடக்கூடாது, தின்னக் கொடுக்கக்கூடாது. அதன் கவனம் சிதறினால் கூட வருபவருக்கு ஆபத்து. வீட்டுக்கு வந்து பட்டியைக் கழற்றிவிட்டால் அது மற்ற வீட்டு நாய்களைப் போலத்தான். சாப்பிடும், விளையாடும், மூலையில் சுருண்டு தூங்கும். அவிழ்த்துவிட்டு ஓட விடுவதற்கென்றே திறந்த வெளிக்குக் கூட்டிப் போகிறார்கள்.

பிறந்த கையோடு வேலையில் போடுவதுமில்லை. குட்டிப் பருவத்தில் சுமார் ஒரு வருடம் ஒரு தொண்டர் குடும்பத்தில் வளர்கிறது. பிறகு மாதக்கணக்கில் பயிற்சி. ஏறக்குறைய 2 வயதில், நன்றாக வளர்ந்த பிறகுதான், கண் தெரியாதவரிடம் ஒப்படைக்கிறார்கள். 10 வயதளவில் ஓய்வு கொடுக்கிறார்கள். ஓய்வுக்குப் பிறகு சில அதே வீட்டிலேயே செல்லமாக இருந்துவிடும், சிலவற்றை வேறு குடும்பம் எடுத்துக்கொள்ளும். முதலாம் உலகப் போரில் கண் இழந்த சிப்பாய்களுக்காக 1916இல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகரில் இதற்கான முதல் பயிற்சிப் பாடசாலை தொடங்கியது. அதற்குப் பிறகு 100 வருடத்துக்கும் மேலாக வளர்ந்து வந்த ஒழுங்கு இது.

அடுத்தது "நஜீஸ்" என்று எழுதியவர்களுக்கு. நாங்களும் ஷாபி மத்ஹபில் வளர்ந்தவர்கள்தான். நாயின் எச்சில் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் சேர்த்துக் கழுவ வேண்டும் என்று மத்ரஸாவில் ஓதியிருக்கிறோம். அதை மறுக்கவில்லை. ஆனால் கழுவச் சொன்ன மார்க்கம் வெறுக்கச் சொல்லவில்லை. வேட்டைக்கும், கால்நடைக்கும் பயிருக்கும் காவலாகவும் நாய் வைத்திருக்க ஹதீஸிலேயே அனுமதி இருக்கிறது. குகைவாசிகளின் நாய் வாசலில் முன்கால்களை நீட்டிக் கிடந்ததை வெள்ளிக்கிழமைகளில் சூரா கஹ்ஃபில் ஓதுகிறோம்.

2008இல் பிரித்தானியாவின் லெஸ்டர் நகரில் பார்வையற்ற முஸ்லிம் மாணவர் ஒருவர் தன் வழிகாட்டி நாயோடு பள்ளிவாசலுக்கு வருவதற்கு அந்நாட்டு முஸ்லிம் ஷரீஆ கவுன்சில் அனுமதி கொடுத்தது. நாய் தொழும் இடத்துக்குள் போகவில்லை. வாசல் பக்கம் அதற்கென ஒதுக்கிய இடத்தில் இருந்தது. சுத்தத்தின் சட்டமும் காப்பாற்றப்பட்டது, அந்தப் பிள்ளைக்குப் பள்ளிவாசலும் கிடைத்தது.

சரி, வலப்பனையில் வழிகாட்டி நாய் ஒன்றை நாம் யாரும் கண்டதில்லை. அப்படியானால் இங்கே கண் தெரியாதவருக்கு வழிகாட்டுவது யார்? நம் பிள்ளைகள்.

உம்மும்மாவுக்கு நுவரெலியாவில் கிளினிக் என்றால் அன்றைக்குப் பேத்தி பாடசாலைக்கு வரமாட்டாள். லயத்தில் பார்வை போன தாத்தாவைக் கடைக்கும் கோயிலுக்கும் கூட்டிப் போவது பத்து வயதுப் பேரன். அம்மா கொழுந்து மலையில், அப்பா கொழும்பில். "நேற்று ஏன் வரல்ல?" என்று கேட்டால், "கூட்டிக்கிட்டுப் போக வேற ஆள் இல்ல டீச்சர்" என்பதுதான் பதில். தவணை முடிவில் வரவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தால் அந்தப் பெயர்களுக்கு நேரே தொடர்ந்து வெற்றிடம்.

இந்தப் பிள்ளையின் முதுகில் கழற்றி வைக்க ஒரு பட்டி இல்லை. வீட்டுக்கு வந்தாலும் தண்ணீர் கொடுக்க, மருந்து எடுத்துக் கொடுக்க, வெளியே கூட்டிப் போக அதே பிள்ளைதான். நாயை வளர்ந்த பிறகு வேலையில் சேர்க்கிறார்கள், பிள்ளையை வளருமுன்னே சேர்த்துவிடுகிறோம். வீடியோவில் வந்த நாய்க்காக "பாவம்" என்று எழுதிய விரல்கள் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்காக ஒரு சொல் எழுதவில்லை. நாயின் எச்சிலுக்கு மார்க்கச் சட்டம் சொன்னவர்கள், பாடசாலையை விட்டு நிற்கும் பிள்ளையைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்கவில்லை.

பெரியவர்களுக்குப் பணிவிடை செய்வது நன்மைதானே என்பீர்கள். நன்மைதான், அதில் சந்தேகமே இல்லை. மாலையில் கையைப் பிடித்துப் பள்ளிக்குக் கூட்டிப் போகட்டும். ஆனால் அந்த நன்மை முழுவதையும் வீட்டில் ஆகச் சின்ன ஆளின் தலையில் கட்டிவிட்டு மற்றவர்கள் ஒதுங்கி நிற்பது என்ன நியாயம்? 5 முதல் 16 வயது வரை பிள்ளை கல்வி பெற வேண்டும் என்பது 2016இலிருந்து இந்த நாட்டின் சட்டம்.

கண் தெரியாதவர் என்றால் இன்னொருவர் இழுத்துக்கொண்டு போக வேண்டிய சுமை என்ற எண்ணமும் மாற வேண்டும். பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக வைத்தார்கள், மதீனாவின் பொறுப்பையே ஒப்படைத்தும் சென்றார்கள். நம் ஊரில் வெள்ளைப் பிரம்பு கொடுத்து நடக்கப் பழக்குவதற்குக்கூட வெட்கப்படுகிறார்கள். "பிரம்போடு போனால் ஊர் என்ன சொல்லும்?" என்கிறார்கள். ஊர் ஒன்றும் சொல்லாமல் இருக்கட்டும், அதுவே பெரிய உதவி.

நாங்கள் கேட்பது மூன்றே விடயம். ஜும்ஆ முடிந்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்கி, மஹல்லாவில் பார்வை இல்லாதவர்கள் யார் யார் என்று பள்ளி நிர்வாகம் எழுதி எடுக்கட்டும். கோயில் கமிட்டியும் தோட்டத்துத் தலைவர்களும் லயங்களில் அதையே செய்யட்டும். கிளினிக் நாட்களில் கூடப் போக, சந்தியில் நிற்கும் நம் இளைஞர்கள் முறை வைத்துக்கொள்ளட்டும். வெள்ளைப் பிரம்புக்கும் மற்ற உதவிகளுக்கும் பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் போங்கள். விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள், நிரப்பித் தருகிறோம்.

உங்கள் பக்கத்து வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் பெயரை இங்கே கருத்தில் போட வேண்டாம். பிள்ளைக்கு வெட்கமாக இருக்கும். பாடசாலை விட்ட பிறகு வந்து காதோடு சொல்லிவிட்டுப் போங்கள்.