சீட்டு எழுதும் முன் மூச்சைப் பாருங்கள்

உலகின் ஆஸ்துமா நோயாளிகளில் ஏறத்தாழ எட்டில் ஒருவர் இந்தியர். ஆஸ்துமாவால் இறப்பவர்களிலோ பத்தில் நான்கு பேருக்கு மேல் இந்தியர்கள் என்கிறது உலக நோய்ச்சுமை ஆய்வின் 2019ஆம் ஆண்டுக் கணக்கு. இத்தனைக்கும் இது மருந்தில்லாத நோய் அல்ல. மூச்சுக்குழாய் வீக்கத்தைத் தணிக்கும் ஸ்டீராய்டு இன்ஹேலர்கள் பல பத்தாண்டுகளாகக் கிடைக்கின்றன. தேவைப்படும் பலருக்கு அவை எழுதித்தரப்படுவதே இல்லை என்பது பெரிய காரணம். எழுதித்தரப்பட்டவர்களுக்கும் மருந்து நுரையீரலைச் சென்றடைவதில்லை என்பது அதிகம் பேசப்படாத காரணம். எந்த இன்ஹேலர் என்பதை நோயாளியின் கையையும் மூச்சையும் பார்த்துத் தீர்மானிக்காமல், பழக்கத்தையும் விலையையும் வைத்துத் தீர்மானிப்பதே இந்த இரண்டாவது காரணத்தின் வேர்.

நம் மருந்துக்கடைகளில் பரவலாகக் கிடைப்பவை இரண்டு வகை. ஒன்று, அழுத்தினால் மருந்து பீய்ச்சும் ‘பஃப்’. அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். மெதுவாக, ஆழமாக இழுத்து, பத்து விநாடி அளவுக்கு மூச்சை அடக்க வேண்டும். வேகமாக இழுத்தால் மருந்தில் பெரும்பகுதி தொண்டையிலேயே படிந்துவிடும். இன்னொன்று, கேப்ஸ்யூலைப் போட்டு உறிஞ்சும் பொடி இன்ஹேலர். அதில் மருந்தைத் தள்ளிவிடும் வாயு இல்லை. நோயாளியின் மூச்சுதான் பொடியைக் கலைத்து உள்ளே கொண்டுபோகிறது. ஆகவே அதை வேகமாக, பலமாக இழுத்தாக வேண்டும். கருவிக்குள் ஊதிவிட்டால் ஈரம் பட்டுப் பொடி கட்டிக்கொள்ளும். இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிரான செயல்கள். தினசரி மருந்தைப் பொடியிலும் அவசர மருந்தை பஃபிலும் ஒருவருக்கே எழுதிக்கொடுத்தால், இரண்டையும் ஒரே மாதிரி இழுத்து ஏதாவது ஒன்றை அவர் வீணாக்குவதில் வியப்பில்லை.

1975 முதல் 2014 வரை வெளியான ஆய்வுகளைத் திரட்டி, 54,000க்கும் மேற்பட்டவர்களின் இன்ஹேலர் பயன்பாட்டை அலசிய கட்டுரை ஒன்று 2016இல் வந்தது. சரியாகப் பயன்படுத்தியவர்கள் 31 சதவீதம் மட்டுமே. பஃப் பயன்படுத்தியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அழுத்துவதும் இழுப்பதும் ஒத்துப்போகவில்லை. நாற்பது ஆண்டுகளில் இந்த நிலை தேறவே இல்லை என்பதுதான் மனத்தை உறுத்துகிறது. ஒரு தலைமுறை முழுவதும் ஒரே பிழை தொடர்ந்தால், நோயாளியின் கவனக்குறைவு என்று அதைத் தள்ளிவிட முடியாது. கற்றுக்கொடுப்பவர்கள் பொறுப்பேற்க வேண்டும்.

மருத்துவ ஆய்வுகளில் எல்லாக் கருவிகளும் ஏறத்தாழ ஒரே பலனைத்தானே தருகின்றன, மலிவானதை எழுதினால் என்ன என்று கேட்கலாம். ஆய்வு முடிவு உண்மைதான். ஆனால் அத்தகைய ஆய்வுகளில் பங்கேற்பவர்களுக்குப் பொதுவாக முன்கூட்டியே பயிற்சி தரப்படுகிறது. கருவியைக் கையாள முடியாதவர்கள் பெரும்பாலும் சேர்க்கப்படுவதில்லை. சரியாகப் பயன்படுத்தினால் எல்லாம் சமம் என்பதே அவற்றின் பொருள். விரல் மூட்டுகள் விறைத்துப்போன மூதாட்டிக்கும், பலமாக இழுக்கத் தெரியாத நான்கு வயதுக் குழந்தைக்கும் அந்தச் சமன்பாடு பொருந்தாது. விலையும் முக்கியம்தான், வாங்க முடியாத மருந்தால் பயனில்லை. ஆனால் மலிவாக வாங்கி நாக்கில் படியவிடும் மருந்துதான் எல்லாவற்றிலும் விலை கூடியது.

பஃபை ஸ்பேசர் எனப்படும், மருந்தைச் சற்று நேரம் தாங்கி நிற்கும் குடுவையில் பொருத்தினால் ஒரே நேரத்தில் அழுத்தி இழுக்கும் சிரமம் பெரிதும் குறைகிறது. ஐந்து வயது வரையிலான குழந்தைகளுக்கு உலகளாவிய வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதும் இதைத்தான். மிகச் சிறியவர்களுக்கு முகமூடியுடன். இழுப்பு வந்தால் நெபுலைசர் வைத்தால்தான் அடங்கும் என்ற நம்பிக்கை நம்மிடம் ஆழமாக ஊன்றியிருக்கிறது. உயிருக்கு ஆபத்தில்லாத இழுப்பில், ஸ்பேசர் வழியே தரும் மருந்து நெபுலைசருக்குக் குறைவில்லாமல் வேலை செய்கிறது என்று பல ஆய்வுகளின் தொகுப்பு காட்டியிருக்கிறது. ஸ்பேசர் வாங்க வசதியில்லாத இடங்களுக்கும் வழி உண்டு. 500 மில்லி பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு, பஃபைச் செருகி, இடைவெளி இல்லாமல் ஒட்டினால் அது கடையில் விற்கும் ஸ்பேசர் அளவுக்கே பயன்படுகிறது என்பதைத் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் குழந்தைகளிடம் நடத்திய ஆய்வு 1999இலேயே நிறுவியது.

கூட்டம் நிரம்பி வழியும் புறநோயாளிகள் பிரிவில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பது மருத்துவர்களின் நியாயமான கேள்வி. ஆனால் மாதிரிக் கருவியைக் கொடுத்து இழுக்கச் சொல்லிப் பார்த்துத் திருத்த இரண்டு மூன்று நிமிடங்கள் போதும். அதை மருத்துவரே செய்ய வேண்டியதில்லை. செவிலியரோ மருந்தாளுநரோ செய்யலாம். கற்றது நான்கு முதல் ஆறு வாரங்களில் மறக்கத் தொடங்குவதால் ஒவ்வொரு வருகையிலும் மறுபடி பார்க்க வேண்டும். அதேபோல், சீட்டில் உள்ள கருவி இருப்பில் இல்லை என்று வேறொன்றைக் கற்றுத்தராமல் கொடுக்கும் வழக்கத்தை மருந்துக்கடைகள் கைவிட வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஊழியர்கள் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டுபோகிறார்கள். அவர்களுக்கு ஒரு நாள் பயிற்சியும் ஆளுக்கொரு மாதிரி இன்ஹேலரும் கொடுத்தால், அந்த வீடுகளில் ஆஸ்துமா உள்ளவர்கள் எப்படி இழுக்கிறார்கள் என்பதையும் பார்த்துத் திருத்திவிட்டு வரலாம்.