கொற்றன் கண்ட கல்லறைகள்

காரைக்காலின் பூவத்தில் நண்டலாற்றைத் தாண்டினால் தமிழ்நாடு; கடலோரமாகவே தரங்கம்பாடி வழியாக வடக்கே போனால் பழைய துறைமுகமான பூம்புகார். இந்தச் சாலையில் போகும்போதெல்லாம் எனக்குச் சிகை கொற்றன் நினைவு வருகிறது. எகிப்தின் மன்னர்கள் பள்ளத்தாக்கில், பாரோக்களின் கல்லறைச் சுவர்களில், தமிழ்ப் பிராமியில் தன் பெயரைக் கீறிவிட்டு வந்தவன் அவன். ஐந்து கல்லறைகள், எட்டு இடங்கள்! வந்து கண்டதாகவும் எழுதியிருக்கிறான். அவற்றைப் படித்துச் சொன்னவர்கள் சார்லோட் ஷ்மிட், இங்கோ ஸ்ட்ராவுக் என்ற இரு ஆய்வாளர்கள். காலம் கி.பி. 1 முதல் 3ஆம் நூற்றாண்டுக்குள். அந்தக் கல்லறைகளுக்கு அப்போதே ஆயிரம் வயது தாண்டிவிட்டது.

எகிப்தின் செங்கடல் துறைமுகமான பெரனிகேயின் கோயிலொன்றில் இந்தியச் சாடி ஒன்றில் 7.5 கிலோ மிளகு கிடைத்தது. இன்னொரு செங்கடல் துறைமுகமான குசெய்ர் அல்-கதிமில் 'பானை ஒறி' (உறி) என்று தமிழில் எழுதிய பானை ஓடு. இவை வணிகத்தின் தடயங்கள். கொற்றனின் கீறல் வேறு வகை. செங்கடலிலிருந்து பாலைவனம் கடந்து நைல் கரைக்குப் போனவன், இருண்ட சுரங்கங்களுக்குள் இறங்கி ஓவியங்களைப் பார்த்திருக்கிறான். பார்க்கும் ஆசை என்பது எவ்வளவு பழைய ஆசை!

இன்று மன்னர்கள் பள்ளத்தாக்கைப் பார்க்க லக்சருக்குப் போகும் நம்மவர்கள் அந்தக் கல்லறைச் சுவர்களில் அவன் பெயரைத் தேட வேண்டும். அந்தக் கீறலின் அச்சுப்படி பூம்புகாரிலும் காரைக்காலிலும் பள்ளிப் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் உயரத்தில் இருக்க வேண்டும்.